கிரீன் ரூமில் இருக்கும் மாப்பிள்ளைக்கு

கொட்டச்சேடு,
திங்கட்கிழமை காலை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பாஸ்டர் மெல்வின் அவர்களுக்கு, உங்கள் அக்கா ராணியின் வீட்டுக்காரரும், சேர்வராயன் மெல்லிசைக் குழுவின் நிறுவனரும் பாடகரும் அறிவிப்பாளருமான சந்திரசேகர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், மிளகுக்கொடி சுகம், நாய் சுகம். உங்கள் அக்கா சுகமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டினால்தான் பேனா ஓடும், பொறுத்துக்கொள்ளவும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நாலு தடவை அடித்தேன். நாலு தடவையும் ஒரு பெண் குரல் வந்து, பாஸ்டர் தேவ சமூகத்தில் இருக்கிறார், அதுவரை எங்கள் சேனலை சப்ஸ்கிரைப் பண்ணுங்கள் என்றது. ஆகவே நம்ம சாதிக் பாஷா கையில் கொடுத்தனுப்புகிறேன். நம்ம சாதிக் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். என் குழுவில் பதினொரு வருஷம் டிரம்ஸ் அடித்தவன் இப்போது ஞாயிறு காலையில் உங்களிடம் அடிக்கிறான். "ஏன்டா, வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போறவன் நீ, உனக்கு அங்க என்னடா வேலை?" என்று கேட்டேன். "அண்ணே, கோச்சுக்காதீங்க, அங்க சவுண்டு சிஸ்டம் நொம்ப நல்லா இருக்குதுங்க" என்றான். அவனைத் திட்ட முடியவில்லை. நானும் கேட்டேன், நல்லாத்தான் இருக்கிறது.

என்னிடம் எட்டு வருஷம் கீபோர்டு வாசித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வாழவந்திக் கோயில் பண்டிகையில் மேடையை விட்டு இறங்கி, டெம்போவுக்குப் பின்னால் சட்டை மாற்றிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "மாமா, இந்த உலகத்துப் பாட்டு இனி எனக்கு வேண்டாமுங்க, நான் ஊழியத்துக்குப் போறேன்" என்று அழுதீர்கள். நானும் அழுதேன், மறுநாள் நிகழ்ச்சிக்குக் கீபோர்டுக்கு ஆள் இல்லை. ஆனாலும் நல்ல மனசோடுதான் அனுப்பினேன். நீங்கள் தகரக் கொட்டகையில் மேகஸ்தம்ப ஜெபவீடு என்று போர்டு மாட்டினீர்கள். பதினைந்து பேர் வந்தார்கள். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு நடந்தே போய் உட்கார்ந்தீர்கள். அப்போது எனக்கு உங்கள் மேல் பொறாமை கிடையாது.

இப்போது இருக்கிறது, நிறைய இருக்கிறது. பெங்களூரில் என்னமோ பயிற்சி எடுத்துவிட்டு வந்தீர்கள், ஜெபவீடு 'கிளவுட் ஒன்' ஆகிவிட்டது. நீங்கள் வேண்டாமென்று விட்டுப்போன உலகத்தை நான் இங்கே பத்திரமாக வைத்திருந்தேன், நீங்கள் திரும்பி வந்து அதை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விட்டீர்கள். நேற்று நேரில் சொல்லலாமென்று வந்தவன் வாசலிலேயே மலைத்துப்போனேன். வெளியே கை நீட்டினால் கை தெரியாத பனி. அந்தப் பனி உள்ளே வராமல் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, உள்ளே மிஷின் வைத்துப் புகை விடுகிறீர்கள். திரையில் பத்து, ஒன்பது, எட்டு என்று நம்பர் ஓடுகிறது, விளக்கு அணைகிறது, புகைக்குள்ளிருந்து முதுகைக் காட்டி நின்று சடாரென்று திரும்புகிறீர்கள். மாப்பிள்ளை, அந்தத் திரும்பல் என்னுடையது. அந்த இடத்தில் எனக்கு நாற்பது பேர் விசிலடித்தால் பெரிது, உங்களுக்கு முந்நூறு பேர் எழுந்து நின்று கத்துகிறார்கள். பாட்டு மெட்டும் நாம் பண்டிகையில் கடைசியாக வாசிக்கிற ஆட்ட மெட்டுதான், வார்த்தைதான் வேறு. எல்லோரும் செல்போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை, ஏனென்றால் நான் எத்தனை தடவை கெஞ்சியும் கொட்டச்சேட்டில் ஒருத்தன் தூக்கியதில்லை, சார்ஜ் போயிரும் என்பான்.

பாட்டு முடிந்ததும் உங்களைப் பார்க்க எழுந்தேன். காதில் மைக் மாட்டிய கீர்த்திகா என்ற பெண் மறித்து, "பாஸ்டர் கிரீன் ரூம்ல இருக்காருங்கண்ணா" என்றாள். இருபத்தைந்து வருஷம் டெம்போவுக்குப் பின்னால் சட்டை மாற்றியவன் நான், உங்களுக்குக் கிரீன் ரூம். ஜெபம் பண்ணச் சொல்லணும் கண்ணு என்றதற்கு, கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்து, "இதுல போட்டுருங்கண்ணா, நேரா ஸ்கிரீனுக்குப் போயிரும்" என்றாள். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன். பெயர் கேட்டது, ராணி என்று போட்டேன். தேதி கேட்டது, புதன்கிழமைத் தேதியைப் போட்டேன். எதற்காக என்று அது கேட்ட இடத்தில் முதலாவதாக இருந்ததைத் தொட்டுவிட்டேன் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஆளுயர கேக் படத்தோடு ராணிக்குப் பிறந்தநாள் வாழ்த்து என்று திரை முழுக்க வந்தது, மேலேயிருந்து ஜிகினாத் தாள் கொட்டியது, முந்நூறு பேரும் பாடினார்கள், நீங்கள் மைக்கைத் தூக்கி, "ராணி சிஸ்டருக்கு எல்லாரும் பெரிசா ஒரு கைத்தட்டு" என்றீர்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் தட்டினேன்.

ராணி என்று எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லும்போது உங்களுக்கு ஒரு நிமிஷம்கூட அக்கா ஞாபகம் வரவில்லை, அதை நான் முகத்தில் பார்த்தேன். பிறந்தநாளுக்கென்று உங்கள் ஆட்கள் கையில் திணித்த கேக் டப்பாவோடு வீடு வந்தேன். "தம்பி என்ன சொன்னானுங்க?" என்று உங்கள் அக்கா கேட்டாள். கைத்தட்டச் சொன்னார் என்றேன். "பாவம், வேலை இருக்கும்" என்று சொல்லிவிட்டு டப்பாவைத் திறக்காமலே நாயிடம் வைத்தாள்.

விஷயம் இதுதான். அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. நாளைக் காலை பதினோரு மணி பஸ்ஸில் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், புதன்கிழமை ஆபரேஷன். அவள் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. இரண்டு பிரசவத்தின்போதும் நீங்கள்தான் வந்து அக்கா கையைப் பிடித்துக்கொண்டு நாலு வரி ஜெபம் சொன்னீர்கள். மெட்டு இல்லை, மைக் இல்லை. ஆமென் சொல்வதற்குள் தூங்கிவிடுவாள். எனக்கு உங்கள் மேல் உண்மையான பொறாமை கூட்டத்தைப் பார்த்து வந்ததில்லை, அந்தத் தூக்கத்தைப் பார்த்து வந்தது. கட்டின நாளிலிருந்து எத்தனையோ ராத்திரி அவளுக்குப் பாடியிருக்கிறேன், ஒரு நாளும் அப்படித் தூங்கினதில்லை. நான் எங்கள் மலைச்சாமி சேர்வராயனுக்கு வேண்டிக்கொண்டுவிட்டேன், அது என் பாடு. அவளுக்கு வேண்டியது நீங்கள். என் வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், சரி, என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள். உங்கள் வேலையை யார் பார்ப்பது? ஆகவே பஸ் வருவதற்குள் வந்து சேருங்கள், தனியாக வாருங்கள்.

சபையாருக்கும், புகை மிஷின் தம்பிக்கும் என் அன்பைச் சொல்லவும். எல்லாச் சாமியும் உங்களைக் காக்கட்டும், உங்கள் சாமி முதலில்.

இப்படிக்கு,
பொறாமையுடனும் பாசத்துடனும்,
சந்திரசேகர்

பின்குறிப்பு: மேலே எழுதியதை விட்டுவிடுங்கள், நீங்கள் வர வேண்டியதில்லை. சாதிக் ஆறு மணிக்குத்தான் வருவானாம், அதனால் இதைச் சேர்க்கிறேன். மதியம் சாப்பிட்டதும் ராணி, "ஏனுங்க, அவன் வர மாட்டான். நீங்களே ஜெபம் சொல்லுங்க" என்றாள். "உங்க சாமி எனக்கு அவ்வளவாப் பழக்கமில்லையே" என்றேன். "மேடையில பேசற மாதிரி பேசாம இருந்தாப் போதுமுங்க" என்றாள். கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே என்று தொண்டை வரை வந்ததை முழுங்கினேன். "ஆண்டவரே, ராணிக்கு நாளன்னைக்கு ஆபரேஷன். அவ தைரியமாத்தான் இருக்கறா. எனக்குத்தான் பயமா இருக்குது" என்றேன். அவ்வளவுதான். கண்ணைத் திறந்தால் தூங்கிவிட்டாள். இருபத்தைந்து வருஷமாக மேடை ஏறுகிறேன் மாப்பிள்ளை, நான் பேசும்போது ஆள் தூங்கியதற்கு நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.