ஊசல் குண்டும் மஞ்சள் சீட்டும்

மதியம் ஒரு மணி. இன்ஷூரன்ஸ் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், சாப்பாட்டு அறையிலிருந்து லிஃப்ட் வரை வரிசை. சாப்பிட அல்ல, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு மாதக்கணக்காகிறது. எல்லோரும் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஊசல் மாஸ்டருக்காகக் காத்திருந்தார்கள்.

மாஸ்டரிடம் நூலில் தொங்கும் ஒரு பித்தளைக் குண்டு இருந்தது. அட்டைக்கு மேலே பிடிப்பார். வட்டமடித்தால் சம்பளம் தப்பித்தது. நேர்கோட்டில் ஆடினால் வெட்டு. போன தடவை பதினொரு பேருக்கு வெட்டு என்றார். பதினொரு பேருக்கும் விழுந்தது. ஒரு பெயர்கூடப் பிசகவில்லை. வானிலை அறிக்கை வெட்கப்பட வேண்டிய துல்லியம்.

பரிகாரமும் உண்டு. ஒரு செம்பு மோதிரம். விலையைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ள நிர்வாகம் பெருந்தன்மையோடு சம்மதித்திருந்தது. கூடவே நாற்பது நாள் விரதம்: சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூடாது, அது சம்பந்தமான எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது.

வரிசையின் ஓரத்தில், க்ளெய்ம் சரிபார்க்கும் அக்கா அப்படிப்பட்ட ஒரு காகிதத்தோடுதான் நின்றாள். வெட்டிய சம்பளத்தைத் திருப்பிக் கேட்கும் மனு. இன்று ஐந்து மணிக்குள் அறுபது பேரில் முப்பது பேர் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் வெட்டிய சம்பளமே நிரந்தரம். இதுவரை விழுந்தவை இரண்டு, ஒன்று அவளுடையது. மகளின் பள்ளி வேனை ஏற்கெனவே நிறுத்தியாயிற்று. அடுத்து நிறுத்தப் பள்ளிக்கூடம்தான் மிச்சம்.

"சித்தப்பா, நீங்களாவது போடுங்க."

அலுவலகமே சித்தப்பா என்று கூப்பிடும் பழைய கிளார்க், மோதிர விரலைத் தூக்கிக் காட்டினார்.

"இருபத்தாறு நாள் முடிஞ்சிருச்சும்மா. இப்பப் போய்க் கெடுத்துக்கவா?"

"மோதிரம் போட்டதுக்கப்புறம் சம்பளம் ஏறுச்சா?"

சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். "பேசக் கூடாது, இருந்தாலும்... குறைஞ்சுது. ஆனா மோதிரம் இல்லேன்னா இன்னும் குறைஞ்சிருக்குமாம்."

"யார் சொன்னா?"

"மோதிரம் வித்தவர்தான்."

அக்கா தன் மேஜைக்குப் போனாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்த க்ளெய்மையும் இரண்டு முறை பார்ப்பாள். முதலில் பெயரோடு. பிறகு பெயரின்மேல் மஞ்சள் சீட்டை ஒட்டி, கோப்புகளைக் கலைத்துப் போட்டு, மறுபடியும். கோப்பைப் பார்த்துச் சொன்ன முடிவு மாறாது. ஆளைப் பார்த்துச் சொன்னது மாறிவிடும்.

மஞ்சள் சீட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

மாஸ்டர் அப்போதுதான் பத்து அட்டைகளைப் பார்த்து முடித்திருந்தார். சித்தப்பாவுக்கு நேர்கோடு. மேனேஜரும் கூட்டத்துக்குத் தைரியம் சொல்லத் தன் அட்டையைக் கொடுத்திருந்தார். அவருக்கு அருமையான வட்டம்.

"மாஸ்டர், இதே பத்தையும் இன்னொரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்றாள் அக்கா. பெயர், படம், எண், எல்லாவற்றின் மேலும் சீட்டு ஒட்டினாள். சித்தப்பா கலைத்துக் கொடுத்தார்.

"பேரை மறைச்சா அதிர்வு வராதும்மா."

"ஏன் மாஸ்டர், பித்தளைக்குப் படிக்கத் தெரியுமா?"

வரிசை சிரித்தது. பல மாதங்களில் முதல் சிரிப்பு. மாஸ்டருக்கு வேறு வழியில்லை. நெற்றி வியர்க்கக் குண்டைத் தொங்கவிட்டார். வட்டம், கோடு, வட்டம் என்று குத்துமதிப்பாக ஆடி முடித்தது.

அக்கா முதல் சீட்டைப் பிரித்தாள். சித்தப்பா. இப்போது வட்டம்!

"அஞ்சு நிமிஷத்துல எனக்கு நேரம் மாறிடுச்சா?" என்றார் சித்தப்பா.

இரண்டாவது சீட்டைப் பிரித்தாள். மேனேஜர். நேர்கோடு.

மேனேஜருக்கு முகம் சிவந்தது. "யோவ், என்னய்யா ஆட்டுறே? நான் குடுத்த வெட்டு லிஸ்ட்ல என் பேர் எங்கய்யா இருக்கு?"

மேனேஜர் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்சம் தாமதம்.

மீதி எட்டுச் சீட்டுகளைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. சித்தப்பா மோதிரத்தைக் கழற்றினார். விரலில் பச்சையாக ஒரு வளையம் மிச்சமிருந்தது. அந்த விரலாலேயே பேனாவைப் பிடித்து, மனுவில் மூன்றாவது கையெழுத்தைப் போட்டார். வரிசை அப்படியே மாஸ்டரிடமிருந்து அக்காவிடம் திரும்பியது. ஐந்து மணிக்குள் ஐம்பத்திரண்டு.

மாஸ்டர் இப்போது வேறொரு அலுவலகத்தில் இருக்கிறார். அங்கே வரிசை இன்னும் நீளம் என்று கேள்வி. அது உங்கள் அலுவலகமாக இருந்தால், அட்டையை நீட்டும் முன் மேஜை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். மஞ்சள் சீட்டு ஒன்றும் அவ்வளவு விலையில்லை.