இடிந்த வீட்டுக்குத்தான் கூரை

எங்கள் ஊர் இருக்கும் சாம்பல்மேட்டின் உச்சியில் ஏழாயிரம் ஆண்டுகளாக மக்கள் இடைவிடாது குடியிருந்து வருகிறார்கள் என்ற உண்மை, துருக்கி அரசாங்கத்துக்குப் போன கோடையில்தான் தெரியவந்தது. குடியிருந்தவர்களுக்கு முன்பே தெரியும். எழுத்து மூலம் தெரிவிக்கத் தவறிவிட்டார்கள், அவ்வளவுதான்.

தெரிந்ததும் தொல்லியல் அலுவலகம் துரித நடவடிக்கை எடுத்தது. மேட்டில் குடியிருந்த ஷாபான் வீட்டுக் கூரை மேல் கிடந்த கல்லுருளையைத் தூக்கிக்கொண்டு போனது. எங்கள் வீடுகளுக்கு மண் கூரை. மழை ஓய்ந்ததும் மேலே ஏறி உருளையை உருட்டி மண்ணை இறுக்காவிட்டால் ஒழுகும். அந்த உருளை ரோமாபுரிக் காலத்துத் தூண் ஒன்றின் துண்டு என்று அதிகாரி நெஜாத் கண்டுபிடித்தார். ஷாபானின் கொள்ளுத் தாத்தாவும் அதைக் கண்டுபிடித்துத்தான் மேலே ஏற்றியிருந்தார். அவருக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

உருளை அருங்காட்சியகத்தில் நனையாமல் இருந்தது. ஷாபான் வீடு ஒழுகியது. அவன் மனைவி செலிஹா சட்டி வைத்தாள், அண்டா வைத்தாள். பாத்திரம் தீர்ந்ததும் பொறுமையும் தீர்ந்தது.

"இங்க பாருங்க, பனி விழறதுக்குள்ள கூரை சரியாகணும். இல்லேன்னா எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க இன்னொரு ஏழாயிரம் வருஷம் தனியா இருங்க."

ஷாபான் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனான். நெஜாத் டீ கொடுத்து உபசரித்தார்.

"மேட்டு மேல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. சட்டம்."

"ஆணி வேணாம் ஐயா. மண்ணு போட்டுக்கறேன்."

"எந்தக் காலத்து மண்ணு?"

"என் தோட்டத்து மண்ணு."

"அதுதான், எந்தக் காலத்துது?"

ஷாபானுக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"நீங்க தோண்டிவச்ச குட்டிச்சுவருக்கு மட்டும் தகரக் கூரை போட்டிருக்கீங்களே ஐயா?"

"அது சிதிலம். சிதிலத்தைக் காப்பாத்தறது எங்க கடமை. உங்களுது வீடு."

"வீட்டைக் காப்பாத்தறது?"

"அதுக்கு வேற அலுவலகம். அவங்க மேட்டுக்கு வரக் கூடாதுன்னு நாங்க தடை போட்டிருக்கோம்."

ஷாபான் டீயை முழுக்கக் குடித்து முடித்தான். "என் வீடும் சிதிலமாயிட்டா?"

நெஜாத் விதிகளைப் புரட்டினார். "ஒரு சுவராவது விழுந்திருக்கணும். தானா விழுந்திருக்கணும்."

மறுநாளே விழுந்தது, தானாக. அந்நேரம் ஷாபான் கடப்பாரையோடு பக்கத்தில் நின்றது தற்செயல்.

எட்டே நாளில் இரும்புத் தூண் நட்டு, பளபளவென்று தகரக் கூரை போட்டுக் கொடுத்தார்கள். செலிஹா அடியில் படுத்துப் பார்த்தாள். சுவர் இல்லாத பக்கம் காற்று வந்ததே தவிர, ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? கிணற்றுத் தகராறில் மூன்று தலைமுறையாகப் பேசிக்கொள்ளாத எங்கள் சனங்கள் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையானார்கள். ஒரே மாதத்தில் முப்பத்திரண்டு வீடுகளில் சுவர்கள் தாமாக விழுந்தன. ஊர்த்தலைவர் வீட்டில், பதவிக்குத் தகுந்தபடி, இரண்டு சுவர்.

மேலிடத்திலிருந்து நிபுணர் குழு வந்தது. அளந்தது, படம் எடுத்தது, நெகிழ்ந்தது. எல்லாவற்றுக்கும் கூரை போட்டது. பிறகு மேட்டைச் சுற்றிக் கம்பிவேலியும் போட்டு எல்லாரையும் வெளியேறச் சொன்னது.

"சிதிலத்துல யாரும் குடியிருக்கக் கூடாது," என்றார் நெஜாத்.

"குடியிருக்கத்தானே ஐயா கூரை கேட்டேன்?"

"நீங்க கேட்டது கூரை. அது வந்தாச்சே."

ஷாபானுக்கு அழுகை வந்தது. மூட்டையைக் கட்டிக்கொண்டு இருவரும் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள்.

முதல் பனி விழுந்த அன்று வேலிக்கு வெளியே நின்று தங்கள் வீட்டைப் பார்த்தார்கள். தரை காய்ந்து கிடந்தது. வேலியில் புதுப் பலகை. செலிஹா எழுத்துக் கூட்டிப் படித்தாள்: "ஏழாயிரம் ஆண்டுகள் செழித்த இவ்வூரைக் காட்டுமிராண்டிகள் ஒரே மாதத்தில் அழித்தனர்."

கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "யாருங்க அந்தக் காட்டுமிராண்டிங்க?"

ஷாபான் தலையில் விழுந்த பனியைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"ஊரே அதைத்தான் பேசிக்குது. கையில கிடைச்சா உயிரோட விடக் கூடாதுங்கறாங்க. நானும் ஆமான்னேன்."