முதல் காட்சிக்கு நான்கெல்லை

சௌந்தரபாண்டியன் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முடிவோடுதான் எழுந்தார். சாயங்காலம் அஞ்சு மணிக்குள் திரைக்கதை சென்னைக்குப் போயாக வேண்டும். சங்கரன்கோவில் பத்திர ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவன் பேரையே எழுதிக்கொண்டிருக்கிற பத்திர எழுத்தர் அவர். ஒரே ஒரு தடவை தன் பேரைத் திரையில் பார்த்துவிட வேண்டும் என்கிற ஆசை அவரை உட்காரவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை.

குறும்படப் போட்டிக்காரர்கள் கேட்டது பத்தே பக்கம். ஆனால் முறையான திரைக்கதை வடிவத்தில் இருக்கணும். வடிவத்தைப் பற்றி இவருக்கா சொல்லித்தர வேண்டும்? இன்றுவரை இவர் எழுதிய ஒரு பத்திரமும் திரும்பி வந்ததில்லை. அறுபத்து மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார்.

ஆபீசில் அவருக்கு டைப் அடிப்பது மனைவி கோமதித்தாய்தான். வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதல் தாளை எடுத்து வாசித்தாள்.

"'தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் வட்டம், டீக்கடைக்கு வடக்கு, பொதுச் சந்துக்குத் தெற்கு, வேப்பமரத்துக்குக் கிழக்கு, சாக்கடை வாறுகாலுக்கு மேற்கு, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட இடத்தில் கதாநாயகன் நிற்கிறான்.' என்னங்க இது?"

"காட்சி நடக்குற எடம். எல்லை சொல்லாண்டாமா?"

"'வெளியே. டீக்கடை. பகல்.' அம்புட்டுத்தான். அவங்க அனுப்புன மாதிரித் தாளுல போட்டுருக்கு."

"எந்த டீக்கடைன்னு நாளைக்கு எவனாவது கேட்டா?"

"ஒருத்தரும் கேக்க மாட்டாவ. இந்தக் காட்சியே ஒம்பது பக்கம். ஒரு பக்கம்னா ஒரு நிமிஷமாம். ஒம்பது நிமிஷமாவா அவன் நிப்பான்?"

"வாட்டசாட்டமான ஆளு. நிப்பான்."

"கதாநாயகி பேசுறதப் பாருங்க. 'சுயநினைவுடனும், பிறர் தூண்டுதல் இன்றியும், தங்களை முழுமனதுடன் காதலிக்கச் சம்மதிக்கிறேன்.' இப்படிப் பேசுனா எவன் கட்டுவான்?"

"பின்னால வில்லங்கம் வரப்பிடாதுல்லா."

"'மனம் வெதும்பினான்'னு வேற போட்டுருக்கீய. மனசு வெதும்புறது கேமராவுல எப்படித் தெரியும்? கண்ணால பாக்குறதும் காதால கேக்குறதும் மட்டுந்தான் எழுதணுமாம்."

சௌந்தரபாண்டியனுக்குத் தலை கிறுகிறுத்தது. "நீ அந்த வடிவத்துக்குள்ள அதைக் கொண்டாந்து வையி, வாரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு ரிபாயி டீக்கடைக்குப் போனார். டீயை முழுசாகக் குடிக்காமல் திரும்பி வந்தார். அவள் அடித்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் போனார். மறுபடியும் வந்து எட்டிப் பார்த்தார். வீட்டுக்கும் கடைக்கும் நடந்து நடந்து செருப்பு வார் அறுந்துபோனது.

"அண்ணாச்சி, இது ஆறாவது டீ," என்றார் ரிபாயி. "கதை எப்ப முடியும்னு சொன்னீயன்னா அதுக்குத் தக்கன பாலு வாங்கி வைப்பேன்."

நாலே முக்காலுக்குப் பத்துப் பக்கமும் அச்சாகி இருந்தது. மேலே, போட்டிக்காரர்கள் கேட்டிருந்த உறுதிமொழித் தாள்.

"வாசிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க," என்றாள் கோமதித்தாய்.

"மணி என்னாச்சு, வாசிக்கவா நேரம் இருக்கு? எங்கன போடணும்?"

"இங்கன."

அவள் விரல் வைத்த இடத்தில் போட்டார். பத்திரம் முடிக்க வருகிற ஒவ்வொருத்தரிடமும் எழுத்துக்கு எழுத்து வாசித்துவிட்டுப் போடச் சொல்கிற அதே மனுஷன்தான். நாலு அம்பத்தாறுக்கு எல்லாம் சென்னைக்குப் போய்விட்டது.

இருபது நாள் கழித்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"கோமதித்தாய் மேடம் இருக்காங்களா? அவங்க கதையைத் தேர்ந்தெடுத்திருக்கோம். நாள் பூரா வீட்டுக்கும் டீக்கடைக்கும் நடக்கிற அந்தப் பத்திர எழுத்தர் பிரமாதம்."

சௌந்தரபாண்டியன் போனை அப்படியே வைத்தார். ஓடிப்போய் உறுதிமொழியின் நகலைத் தேடி எடுத்தார். கதை, திரைக்கதை, வசனம் மூன்றுக்கும் எதிரே கோமதித்தாய் பேர் இருந்தது. அவருடைய கையெழுத்து அடியில், சாட்சி என்கிற இடத்தில், குண்டு குண்டாக அழகாக இருந்தது.

"ஏட்டி, என்னைய எதுக்கு சாட்சியில போட்ட?"

"நான் எழுதுறப்ப ஆறு தடவை வந்து பாத்துட்டுப் போனது நீங்க ஒருத்தர்தான?"