வாஷர் டின்னில் இரண்டு துளை

ஈஜோக்,
14.9.1952

கோலாலம்பூரில் இருக்கும் மச்சான் காளியண்ணன் அவர்களுக்கு, ரெங்கசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்களும் கோழிகளும் சுகம். தோட்டத்து லய வீடுகளைச் சுற்றிக் கம்பிவேலி போட்டபிறகு கோழிகள்கூடத் தொலைவதில்லை.

வாஷர் டின்னோடு உங்களிடம் வரும்போதே என் மானம் போய்விட்டது. உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வேட்டியோடு வரக்கூடாதென்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் கால்சட்டை இரவல் வாங்கினேன். அது இடுப்பில் நிற்காததால் உள்ளே வேட்டியைச் சுற்றிக்கொண்டேன். வேலி வாசலில் நின்ற போலீஸ்காரர் தடவிப் பார்த்து, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுக்காரர்களுக்கு அரிசி கடத்துகிறேன் என்று நினைத்து, பால்வெட்டப் போகும் பெண்கள் எதிரே நாலு முழத்தையும் உருவ வைத்தார். தலை எண்ணெய்க் குப்பியை மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். மூடிய டின் எதுவும் துளை போடாமல் வெளியே போகக்கூடாதாம். நீங்கள் சொன்ன அளவுக்கு வெட்டி, தூசு படாமல் டின்னில் அடைத்த ரப்பர் வாஷர்தான் என்றேன்.

"திங்கிறதா?"

"இல்லீங்க, கண்ணாடிக்கு வெள்ளி பூசுற மெசினுக்கு."

"அப்ப ரெண்டு ஓட்டை விழுந்தா என்னா லா?" என்று ஆணியால் குத்தி அனுப்பினார்.

தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பைத் தவிர வேறு மெஷின் அறியாதவன் நான். கண்ணாடி மூடிக்குள் காற்றை உறிஞ்சிவிட்டு, ஆர்கான் வாயுவைத் துளி விட்டு, கரண்டால் வெள்ளியை உதிர்த்துப் படிய வைக்கிறீர்களே, அதை வாய்பிளந்து பார்த்தேன். உங்களிடம் வேலை பழகும் என் மகன் அர்ஜுனன் புது வாஷரை மாட்டியதும் கண்ணாடியெல்லாம் அடுப்புக்கரி நிறத்தில் வந்தது. சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் பையனுக்கு வேலையில்லை என்று உங்கள் ஆய்வுக்கூடத்துத் துரை சொல்லிவிட்டார். காற்று கசியும் ஓட்டையைத் தேடி மூட்டு மூட்டாக ஸ்பிரிட்டைத் தடவி உள்ளே ஒளியின் நிறம் மாறுகிறதா என்று பார்த்தீர்கள், மாறவில்லை. பிறகு காற்றை உறிஞ்சும் வால்வை மூடிவிட்டு, உள்ளே எவ்வளவு காற்று என்று காட்டும் மீட்டர் முள்ளையே பார்த்தீர்கள்.

"ஓட்டைன்னா முள்ளு ஏறிக்கிட்டே போவும் மாப்ள. இது ஏறி நின்னுடுச்சு. உள்ளார ஏதோ அழுக்கு ஆவியாவுது."

வாஷரைக் கழற்றினால் எண்ணெய்ப் பிசுக்கு. "யார்ரா தொட்டது?" என்றீர்கள்.

"நாந்தான் மாமா. தலை சீவுன கையோட மாட்டிட்டேன்."

நானும் விரலாட்டி நாலு வார்த்தை திட்டினேன். நீங்களோ துரையிடம் "புது ரப்பர், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி, எல்லாவற்றையும் கழுவ வைத்து, மறுநாள் முகம் தெரியக் கண்ணாடி எடுத்துப் பையன் வேலையைக் காப்பாற்றினீர்கள். இந்த நன்றியை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இனி அவன் தலைக்கு எண்ணெயே கூடாது என்று உங்கள் தங்கை நல்லம்மாளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் குடும்பம் நோய்நொடியின்றி இருக்கட்டும்.

இப்படிக்கு,
ரெங்கசாமி

பி.கு.: பையன் தாராளமாக எண்ணெய் வைக்கட்டும். பஸ்ஸில் டின் துளை வழியே செம்மண் தூசு போனது. துடைத்துப் பார்த்தேன், ரப்பர் வறண்டு தெரிந்தது. என் பம்பு வாஷருக்குச் செய்வதுபோல் குப்பியைத் திறந்தேன். நீங்கள் கேட்டபோது அவன் முதலில் என்னைத்தான் பார்த்தான். நான் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தேன். எண்ணெய் தடவியது நான்தான், மச்சான்.