முத்துப்பேச்சியின் குரூப்பை மாற்றும் விஷயமாக

சிலமலை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மாப்ளே ஈஸ்வரனுக்கு, உன் அக்காள் புருஷன் சுருளிவேல் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காளும் பசுமாடும் நலம். போடிமெட்டுக்கு மேலே உங்கள் எஸ்டேட்டில் அட்டைக்கடி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அங்கே போனுக்கு சிக்னல் எடுக்காததால் ஜீப்பு டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் மருமகள், எங்கள் மகள் முத்துப்பேச்சி பத்தாம் வகுப்பில் நானூற்று அறுபது எடுத்தவள். பதினொன்றில் கம்ப்யூட்டர் குரூப்பில் சேர்ந்து, முதல் பரீட்சையில் அந்தப் பாடத்தில் பதினெட்டு எடுத்திருக்கிறாள். மவுசைச் சுடுசட்டி மாதிரி தொடுகிறாளாம், கணக்கையும் இப்போது திரையில்தான் நடத்துகிறார்களாம், அதனால் அங்கேயும் வாய் திறப்பதில்லையாம். குரூப்பை மாற்ற விண்ணப்பம் எழுதிக்கொண்டு நேற்றுப் பள்ளிக்கூடம் போனேன். கம்ப்யூட்டர் டீச்சர் சந்திரவல்லி, "அறிவுக்குக் கொறச்சல் இல்லண்ணே. பேப்பர்ல கேட்டா எல்லாம் சொல்றா. கையிலதான் பயம்" என்று சொல்லி, ஒரு பழைய கம்ப்யூட்டர் முன்னால் அவளை உட்காரவைத்து, "இதக் கெடுத்துக் காட்டு பாப்போம்" என்றார். பிள்ளை ஒரு மணி நேரம் கண்டதையும் அழுத்தினாள், அது கெடவே இல்லை. நான் தைரியம் சொல்லப் பக்கத்தில் போனேன், மாப்ளே, காலில் ஏதோ வயர் தட்டியது, பத்துக் கம்ப்யூட்டரும் ஒரே சமயத்தில் அணைந்துபோச்சு! பிள்ளைகள் கூச்சல் போட, எனக்கு வேர்த்துக் கொட்டிருச்சு. முத்துப்பேச்சி சிரித்துக்கொண்டே மேசைக்கடியில் புகுந்து, பிளக்கைச் சொருகி, ஒவ்வொன்றாய்ப் போட்டுவிட்டாள். இன்றைக்குக் கணக்கு வகுப்பில் கையைத் தூக்கி, "சார், எனக்குப் புரியல, இன்னொருக்கா சொல்லுங்க" என்று கேட்டாளாம்.

இருந்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. வெள்ளிக்கிழமை நீ வெரசா இறங்கி வந்து, தலைமையாசிரியரிடம் பேசி, குரூப்பை மாற்றித் தர வேண்டும்.

உன் பெண்சாதி பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் இருக்க வீரபாண்டி ஆத்தா துணை.

இப்படிக்கு,
சுருளிவேல்

பின்குறிப்பு: வர வேண்டாம். உறையில் போடுமுன் முத்துப்பேச்சி இதைப் படித்துவிட்டு, நான் கொடுக்காமல் வைத்திருந்த விண்ணப்பத்தைக் கிழித்துப்போட்டாள். "சின்னதுலருந்து டிவியத் தொடாத, போனத் தொடாத, கெட்டுப்போகும்னு சொன்னது யாருப்பா?" என்று கேட்டாள். பச்சை பட்டனைத் தவிர நானே எதையும் அழுத்தாத போனை அவளிடம் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பி என் கையில் வைத்து, "நீங்களே அழுத்துங்கப்பா" என்கிறாள். அழுத்தினேன், மாப்ளே. ஒன்றும் கெட்டுப்போகவில்லை.