மூன்று பிள்ளைகளுக்கு ஒரே மாமா

யாராவது என்னிடம் ஒன்றைக் கேட்டால் "தெரியாது" என்று சொல்ல எனக்கு வாய் வராது. இது ஒரு வியாதி. வழி கேட்ட எத்தனையோ பேரைப் பிழையான பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் இன்னும் நாங்கள் வந்து குடியேறிய ஸ்கார்பரோவைச் சுற்றிக்கொண்டிருக்கக்கூடும். ஆனால் மச்சாள் அமெரிக்கச் சரித்திரத்தைப் பற்றிக் கேட்ட அன்றைக்காவது நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய கதை. மச்சாள் என்றால் என் கணவர் தவராசாவின் அக்கா. அவருடைய மகள் நிவேதா அப்போது பதினோராம் வகுப்பு. அமெரிக்கச் சரித்திரத்தில் முதற் சோதனையில் குப்புற விழுந்துவிட்டாள். அடுத்ததிலும் விழுந்தால் பாடமே போய்விடும், பிறகு எந்தப் பல்கலைக்கழகம் திரும்பிப் பார்க்கும் என்று மச்சாள் போனில் ஒரே அழுகை.

"நீர் ஊரில சரித்திரம் படிப்பிச்சனீர்தானே? உமக்கு உது தெரியும்தானே?"

"ஓம் மச்சாள், அது எனக்குத் தண்ணிபட்ட பாடு," என்றேன். (யாழ்ப்பாணத்தில் ரியூட்டறியில் நான் படிப்பித்தது இலங்கைச் சரித்திரம். அமெரிக்கா எங்கள் பாடத்திட்டத்துக்குள் தலைகாட்டியதே இல்லை.)

நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம் எடுத்து இரண்டு நாளில் விழுங்கினேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கர்கள் கிழக்குக் கரையை விட்டு மேற்கே மேற்கே போய்க் குடியேறியது, கால்வாய் வெட்டியது, நீராவிப் படகு விட்டது, பொருளாதாரம் கொழித்தது, எல்லாம் அதில் இருந்தது. மனதைச் சங்கடப்படுத்திய சில அத்தியாயங்களைத் தட்டிவிட்டுப் போனேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டு பேஸ்மென்ற்தான் வகுப்பு. நிவேதா தன் வகுப்புச் சிநேகிதிகள் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். எனக்குத் தெரிந்த படிப்பித்தல் ஒன்றே ஒன்று. நான் மாதிரிக் கட்டுரையை வாசிப்பேன், பிள்ளைகள் எழுதுவார்கள், பிறகு வரிக்கு வரி பாடமாக்குவார்கள். ஊரில் எத்தனை பேரை அப்படிக் கரைசேர்த்தவள் நான்!

"மாமி, நான் போன்ல ஒரு பிக்சர் எடுக்கிறனே?" என்றாள் நிவேதா.

"எழுது. எழுதினாத்தான் மண்டையில ஏறும். ஒரு சொல்லு மாத்தக் கூடாது. முற்றுப்புள்ளி வரைக்கும் பாடமாக்கு."

"பட் மாமி, மிஸ் எங்கட ஓன் ஒப்பீனியன்தான் கேப்பா."

"எனக்குத் தெரியாதே? உங்கட சொந்தக் கருத்தையும் நானே கடைசிப் பந்தியில எழுதியிருக்கிறன்."

கட்டுரைக்கு உயிர் கொடுக்க ஓர் உதாரணமும் சேர்த்தேன். 'என் மாமாவின் குடும்பம் யாழ்ப்பாணத்தில் வெங்காயம் பயிரிட்டது. பாதை திறந்து லொறி கொழும்புக்கு ஓடினால் வெங்காயம் விலைபோகும். யுத்தத்தில் பாதை பூட்டினால் வீட்டிலேயே முளைத்துவிடும். ஈரிக் கால்வாய் வெட்டிய பிறகு மேற்கத்தைய விவசாயியின் கோதுமைக்கும் இப்படித்தான் வழி பிறந்தது.' வெங்காயத்தையும் ஈரிக் கால்வாயையும் சேர்த்துக் கட்டிய என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

சோதனையன்று பின்னேரம் நிவேதா துள்ளிக்கொண்டு போன் எடுத்தாள். "மாமி, நீங்கள் எழுதித் தந்த அதே கேள்வி வந்தது!" நான் வடை சுட்டுக் கொண்டாடினேன்.

நாலாம் நாள் பள்ளிக்கூடம் மச்சாளைக் கூப்பிட்டது. பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நான் காஞ்சிபுரம் உடுத்திக்கொண்டு கூடவே போனேன். (ஐயோ, அந்தச் சேலையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.)

சரித்திர ஆசிரியை நிவேதாவையும் எங்களோடு இருத்திவிட்டு மூன்று விடைத்தாள்களை மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். மூன்றும் ஒன்றே. ஒரு கால்புள்ளி பிசகவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது பெருமை.

"மூவரும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மூவருக்கும் சைபர்," என்றார் அவர் ஆங்கிலத்தில். "மூன்று பேருக்கும் வெங்காயம் பயிரிட்ட ஒரே மாமாவா?"

மச்சாளுக்கு முகம் வெளிறிவிட்டது. என்றாலும் தாயல்லவா, பாய்ந்து விழுந்தார். "எங்கள் வழக்கத்தில் எல்லாருக்கும் எல்லாரும் மாமாதான்!"

"பிள்ளைகள் பார்த்து எழுதவில்லை," என்றேன். "நான் எழுதிக் கொடுத்ததைப் பாடமாக்கினார்கள். ஒரு சொல்லும் மாற்றக் கூடாது என்று சொன்னதும் நான்தான்." ஆசிரியை என்னையும் சேலையையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய இருபது வருஷ உத்தியோகத்தில் இப்படியொரு வாக்குமூலத்தைக் கேட்டிருக்க மாட்டார் போலும்.

பிறகு கடைசிப் பந்தியை வாசித்தார். 'மேற்கில் ஆளில்லாத வெறும் காணி ஏராளமாகக் கிடந்தது. வந்தவர்கள் வேலி போட்டுப் பயிரிட்டு நாட்டை வளர்த்தார்கள். இது என் சொந்தக் கருத்து.'

"இது யாருடைய கருத்து?" என்று கேட்டார்.

நிவேதா தலை நிமிரவில்லை. ஆசிரியையை விட்டுவிட்டு என்னிடம் தமிழில் சொன்னாள்.

"மாமி, அங்க சனம் இருந்தது. அவையைத் துரத்திப்போட்டுத்தான் மற்றவை வந்தவை. நாங்கள் கிளாஸில படிச்சனாங்கள். பிழையெண்டு தெரிஞ்சுதான் எழுதினனான், நீங்கள் மாத்தக் கூடாதெண்டு சொன்னீங்கள்." பிறகு குரல் உடைந்தது. "மாமான்ர காணியும் வெறும் காணியே?"

தவராசாவின் அந்த வெங்காயக் காணி யுத்தத்தில் இராணுவத்தின் கம்பி வேலிக்குள் போய்விட்டது. அரசாங்கக் கந்தோர் கந்தோராகக் காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டி அவர் அலைந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அப்படிப்பட்ட நான்தான் மூன்று பிள்ளைகளுக்கு இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆசிரியையிடம் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான் இருந்தது. "பிழை என்னுடையது. இவர்களுக்கு இன்னொரு தரம் கொடுங்கள்."

கொடுத்தார். ஒரு நோட்ஸும் இல்லாமல் மூவரும் திரும்ப எழுதினார்கள். நிவேதா இம்முறையும் மாமாவைப் பற்றித்தான் எழுதினாள், ஆனால் அந்தக் கம்பி வேலியைப் பற்றி. பாடம் தப்பிப் பிழைத்தது.

வீட்டில் தவராசா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "அந்த வெறும் காணியில ஏழு மாமரம் நிண்டது," என்றார். நான் அழுதேன். அவர் தன் தேத்தண்ணியை என் பக்கம் தள்ளிவைத்தார்.

அன்று தொடக்கம் எங்கள் குடும்பத்தில் என் கதிரையில் யார் இருந்தாலும், என் தட்டில் யார் கை வைத்தாலும், "வெறும் காணியெண்டு நினைச்சிட்டன்" என்பதுதான் மன்னிப்பு.

போன மாதம் நிவேதாவும் அவளுடைய கணவரும் ஸ்ரௌவ்வில் பக்கம் புது வீடு பார்க்கப் போகையில் மச்சாளையும் எங்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். வீடு காட்டிய எங்கள் ஊர்ப் பெடியன் யன்னலைத் திறந்து கையை வீசிக் காட்டினான்.

"முந்தி உதெல்லாம் வெறும் காணி அன்ரி. ஒருத்தரும் இருக்கேல்லை."

மச்சாளுக்கு இருமல் வந்துவிட்டது. நிவேதா சுவரைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். தவராசா மட்டும் சிரிக்காமல் அவன் தோளில் கையைப் போட்டார்.

"தம்பி, உமக்கும் என்ர மனிசியே நோட்ஸ் குடுத்தவ?"