அத்தை கூட்டிப் பார்த்த டயர்

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. காருக்கு நாலு டயர் மாத்தணும். அவ்வளவுதான்.

தொண்ணூறுகள்ல நடந்த கதை இது. மலாக்கா பக்கம் புக்கிட் ரம்பாய்ல ஒரு ஃபேக்டரியில ஸ்டோர் கிளார்க்கா இருந்தேன். வீடு மெர்லிமாவ்ல. மூணு கை மாறி என்கிட்ட வந்த ஒரு பழைய ஜப்பான் காரு. டயரு நாலும் எங்க அம்மாவோட தம்பி ராஜு மாமா வழுக்கைத் தலை மாதிரி வழவழன்னு ஆகிப் போச்சு.

மறுநாள் ஞாயித்துக்கிழமை அலோர் காஜாவுக்குப் பொண்ணு பாக்கப் போறோம். எனக்கு முப்பத்திரண்டு வயசு. ஏற்கனவே மூணு இடம் தட்டிப் போச்சு. போட்டோவுல பாத்ததுலேருந்து மாலதிய எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. இதுவும் போயிடுமோன்னு நிஜமாவே பயம்.

டயர் கடை சீன முதலாளி, தவுக்கேன்னு கூப்பிடுவோம், நல்ல மனுஷன். எஸ்டேட் ஆளுங்ககிட்ட வியாபாரம் பண்ணிப் பண்ணித் தமிழ் பேசுவாரு. பழைய டயரைக் குனிஞ்சு பாத்துட்டு, ஒரு துண்டுப் பேப்பர்ல 185/70/14னு எழுதினாரு.

"இதான் உன் காரு சைஸ், தம்பி. வேற வேணாம்."

நான் புத்திசாலியா இருந்தா சரின்னு சொல்லியிருக்கணும். ஆனா வீட்டுலேருந்து கிளம்பும்போதே பாக்கியம் அத்தை ஒரு கண்டிஷன் போட்டிருந்தாங்க.

பாக்கியம் அத்தை அப்பாவோட அக்கா. எங்க குடும்பத்து எண் கணித நிபுணர். என் பேரு குணா. இங்கிலீஷ்ல கடைசியில ஒரு 'ஏ' கூடுதலா போட வச்சதே அவங்கதான். பதினேழாம் நம்பர் வீடு நல்ல வீடு, அதைக் கூட்டினா எட்டு வருதுன்னு வேணாம்னவங்க. எட்டுன்னா அவங்களுக்கு ஆகவே ஆகாது.

"நம்பர் எதுவா இருந்தாலும் எனக்கு போன் அடிச்சுட்டு வாங்கு, தம்பி"ன்னு சொல்லியிருந்தாங்க. கடை போன்லேருந்து அடிச்சேன்.

"டயர்ல நம்பர் இருக்கா? சொல்லு."

சொன்னேன். அந்தப் பக்கம் விரல் விட்டு எண்ணுற சத்தம் கேட்டுது.

"இருபத்தாறு! ரெண்டும் ஆறும் எட்டு! ஐயோ, நல்ல காரியத்துக்குப் போறப்ப நாலு காலும் எட்டா? வேற இல்லையா?"

தவுக்கேகிட்ட கேட்டேன். "195/70/14 இருக்கு. ஆனா உன் காருக்கு பெசார்லா, பெருசு"ன்னாரு.

அத்தை கூட்டினாங்க. இருபத்தேழு. ஒன்பது! "அதையே போடு. அது ராஜா நம்பர்."

தவுக்கே தலையில அடிச்சுக்கிட்டாரு. "தம்பி, இது பெருசு. உன் காரு ஸ்பிரிங் வேற தளர்ந்து கிடக்கு. ஆளு ஏறினா சக்கரத்து மேல இருக்கற மட்காட்ல உரசும்."

நான் டயரைப் பாத்தேன். நல்லா அகலமா, கம்பீரமா இருந்தது. பொண்ணு வீட்டு வாசல்ல நின்னா எடுப்பா இருக்கும்னு தோணுச்சு. மாட்டச் சொல்லிட்டேன். தனியா ஓட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு சத்தம் இல்ல. தவுக்கேக்கு என்ன தெரியும்னு நெனச்சேன் பாருங்க, அந்தத் திமிருக்குத்தான் மறுநாள் கிடைச்சுது.

ஞாயிறு ரெண்டு மணி. அம்மா, அப்பா, அத்தை, ராஜு மாமா, நான். மொத்தம் அஞ்சு பேரு. பழத்தட்டு, பூ, பலகாரம் எல்லாம் ஏத்தியாச்சு. நாலரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி பொண்ணு வீட்டுக்குள்ள கால் வைக்கணும்.

முதல் மேடு ஏறி இறங்கினேன். கர்ர்ர்ர்!

"என்னடா சத்தம்?"

"புது டயரு அத்தை. அப்படித்தான் பேசும்."

அடுத்த மேடு. கர்ர்ர்ர்! இந்தத் தடவை ரப்பர் கருகுற வாடை. வண்டிய ஓரம் கட்டினேன். மாமா எஸ்டேட்ல லோரி ஓட்டுறவரு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுக் குனிஞ்சு பாத்தாரு. எழுந்து வந்து என் காதுல சொன்னாரு.

"பின்னால இடது பக்க டயரு மட்காட்டைத் தின்னுதுடா."

பின்னால இடது பக்கம் உக்காந்திருந்தது அத்தை.

எங்க அத்தை நல்ல உடம்பு. ஆனா அதைப் பத்தி எங்க குடும்பத்துல யாரும் வாயைத் திறந்ததில்ல. திறந்தவங்க வீட்டுக்கு அத்தை அப்புறம் போனதில்ல.

"நான் வேணா பஸ்ல வரேன்"னு மாமா நைசா ஆரம்பிச்சாரு.

"நாலு பேரா போறதா? பாடை தூக்கவா போறோம்?"னு அத்தை பாய்ஞ்சாங்க.

"சரி, நானும் இறங்கிக்கறேன்"னாரு அப்பா.

"மூணு பேரா நல்ல காரியத்துக்குப் போவாங்களா? அறிவிருக்கா உனக்கு?"

அப்பா பேப்பரை விரிச்சு முகத்தை மூடிக்கிட்டாரு. அலோர் காஜா வரைக்கும் அதை எடுக்கல.

மாமா யோசிச்சு அத்தையை முன் சீட்டுக்கு மாத்தினாரு. நேர் ரோட்டுல காரு வெண்ணெய் மாதிரி போச்சு. நான் பெருமூச்சு விட்டேன். முதல் சந்தி வந்துச்சு. ஸ்டியரிங்கைத் திருப்பினேன். கர்ர்ர்ர்! இப்ப முன் டயரு. காரு பாதி திரும்பி நடு சந்தியில மாட்டிக்கிச்சு. பின்னால லோரிக்காரன் ஹார்ன் அடிக்கறான்.

அப்பத்தான் மாமா வாழ்க்கையிலேயே பெரிய பொய்யைச் சொன்னாரு.

"அக்கா, உங்களுக்குத் தெரியாததா? பொண்ணு பாக்கப் போறப்ப சந்தி வந்தா, மூத்த சுமங்கலி தட்டோட இறங்கி, வலது காலை வச்சு நடந்து சந்தியைத் தாண்டணும். தடை எல்லாம் விலகிடும்."

நான் மூச்சையே நிறுத்திட்டேன். அத்தை மாமாவை ஒரு பார்வை பாத்தாங்க.

"அட, ஆமா! எனக்கு எப்படி மறந்துச்சு?"

பழத்தட்டைத் தூக்கிக்கிட்டு இறங்கிட்டாங்க! காரு நிமிர்ந்துச்சு. சத்தமில்லாம திரும்பினேன். அந்தப் பக்கம் போய் அத்தையை ஏத்திக்கிட்டோம்.

அப்புறம் எல்லா சந்தியிலயும் இதேதான். போகப் போக அத்தை முறையை விரிவாக்கிட்டாங்க. மூணாவது சந்தியில தட்டை மூணு சுத்து சுத்தினாங்க. நாலாவதுல அம்மாவைப் பூ தூவச் சொன்னாங்க. மலாக்கா டவுன் சிக்னல்ல பச்சை விழுந்தும் யாரும் நகரல. எல்லாரும் அத்தையோட பட்டுப்புடவையைத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க.

மோட்டார்ல வந்த மலாய்க்காரர் ஒருத்தர், "கெரெத்தா ரோசாக் கா, மச்சிக்?"னு காரு கெட்டுப் போச்சான்னு அக்கறையா கேட்டாரு.

"தக் ரோசாக். சாமி காரியம்"னு சொல்லிட்டு அத்தை நடந்தாங்க.

வெயில்ல அவங்க வேர்த்து நடக்கறதைப் பாக்க எனக்குத் தாங்கல. எனக்காகத்தானே இவ்வளவும்! உண்மையைச் சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். மாமா பின்னாலேருந்து என் தோளைக் கிள்ளினாரு.

பொண்ணு வீடு இருக்கற தாமானுக்குள்ள, அதான் குடியிருப்புக்குள்ள, நுழையும்போது மணி நாலு பத்து. அங்க வீட்டுக்கு வீடு ஒரு சந்தி!

"இனிமே ஏறி ஏறி இறங்க முடியாதுடா. நான் நடந்தே வரேன், நீங்க பின்னால வாங்க"ன்னுட்டாங்க அத்தை.

முன்னால தட்டோட அத்தை. பின்னால ஃபர்ஸ்ட் கியர்ல ஊர்ந்து வர்ற நான். ரெண்டு பக்கமும் ஜனங்க வாசலுக்கு வந்துட்டாங்க. ஒரு அம்மா ஏதோ சாமி ஊர்வலம்னு நெனச்சுக் கற்பூரம் கொளுத்திட்டாங்க. முடிஞ்சுது கதை, நாலாவது இடமும் போச்சுன்னு முடிவே பண்ணிட்டேன்.

மாலதியோட அப்பா கேட்டுல நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டிருந்தாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு.

"இந்தக் காலத்துல யாருங்க இவ்வளவு முறை பாக்கறாங்க!"ன்னு அத்தையைக் கும்பிட்டாரு.

ராகு காலத்துக்கு அஞ்சு நிமிஷம் இருந்துச்சு. உள்ள போயிட்டோம்.

காப்பி குடிச்சதும் எங்க ரெண்டு பேரையும் ரெண்டு நிமிஷம் பேச விட்டாங்க. மாலதி சன்னல் வழியா காரைப் பாத்தா. அப்புறம் மெதுவா கேட்டா.

"கல்யாணத்துக்கு அப்புறம் நானும் சந்திக்குச் சந்தி இறங்கி நடக்கணுமா?"

இவகிட்ட பொய் சொல்லி ஆரம்பிக்க எனக்கு மனசு வரல. எட்டு, ஒன்பது, மட்காட், மாமா, எல்லாத்தையும் கொட்டிட்டேன். சிரிச்சா பாருங்க, உள்ளேருந்து அவங்க அம்மா எட்டிப் பாக்கற அளவுக்கு!

"எனக்குச் சம்மதம். முதல்ல டயரை மாத்துங்க"ன்னா.

திங்கட்கிழமை தவுக்கே கடையைத் திறக்கறதுக்கு முன்னாடியே நான் வாசல்ல நின்னேன். அவரு அந்தப் பழைய துண்டுப் பேப்பரை நீட்டினாரு.

கல்யாணமும் நடந்துச்சு. கோயில்லேருந்து வீட்டுக்குக் கிளம்பினோம். காருல சரியான டயரு, ஓட்டறது மாமா, பின் சீட்டுல என் பக்கத்துல மாலை கழுத்தோட மாலதி. எனக்கு அன்னைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. முதல் சந்தி வந்துச்சு.

"நிறுத்து!"ன்னாங்க முன் சீட்டுல அத்தை. "பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரும் இறங்குங்க. வலது காலை வச்சு!"

மாலதி என்னைப் பாத்தா. நான் மாமாவைப் பாத்தேன். மாமா வெளியே பாத்தாரு.

டயரைத் தப்பா வாங்கினா கடையில மாத்திக்கலாம். அத்தைகிட்ட சொன்ன பொய்யை மாத்தித் தர்ற கடை மலாக்கா முழுக்க இல்ல.